பத்து விழுக்காடு வாக்கு, நாட்டையே திருப்பும் சக்தி: யார் இந்த பாஹ்செலி?

ஒருவரைத் தூக்கில் போடச் சொல்லி, பிரசார மேடையிலிருந்து கயிற்றைத் தூக்கி வீசியவர் ஒரு தலைவர். 17 ஆண்டு கழித்து அதே ஆளை நாடாளுமன்றத்துக்கு வந்து பேசச் சொல்கிறார். நம்ப முடிகிறதா?

துருக்கியில் அதுதான் நடந்தது. 2024 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. தேசியவாத இயக்கக் கட்சியின் தலைவர் டெவ்லெத் பாஹ்செலி தம்முடைய நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். இம்ராலி தீவுச் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவிக்கும் அப்துல்லா ஓஜலான் நாடாளுமன்றத்துக்கு வரட்டும், தம் அமைப்பு கலைந்துவிட்டது என்று அங்கேயே அறிவிக்கட்டும், அப்படிச் செய்தால் அவர் வெளியே வரச் சட்டத்தில் வழி தேடலாம் என்றார்.

ஓஜலான் யார் என்று கேட்கிறீர்களா? குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி எனப்படும் பி.கே.கே. அமைப்பை நிறுவியவர். அந்த அமைப்பு 1984இல் துருக்கி அரசுக்கு எதிராக ஆயுதப் போராட்டம் தொடங்கியது. அதில் 40,000க்கும் அதிகமானோர் உயிரிழந்துள்ளனர். துருக்கி மட்டுமல்ல, அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பி.கே.கே.யைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டவை. குர்து மக்களில் பலர் ஓஜலானைத் தங்கள் தலைவராகப் பார்க்கிறார்கள். துருக்கியத் தேசியவாதிகளுக்கோ அவர் பெயரே ஆகாது.

அந்தத் தேசியவாதிகளின் தலைவரே இப்படிச் சொன்னதால்தான் நாடே அதிர்ந்தது.

பாஹ்செலி துருக்கியின் அதிபரும் இல்லை, பிரதமராக இருந்தவரும் இல்லை. எந்தப் பொதுத் தேர்தலிலும் அவர் கட்சி முதலிடம் பிடித்ததில்லை. ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் துருக்கி அரசியல் திரும்பிய முக்கிய முனைகளில் பலவற்றிலும் அவர் நின்றிருக்கிறார். எப்படி? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பெயரிலேயே 'அரசு'

'டெவ்லெத்' என்றால் துருக்கிய மொழியில் அரசு என்று பொருள். மலாய் மொழியில் நமக்குப் பழக்கமான 'டவ்லத்' என்ற சொல்லுக்கும் மூலம் அதே அரபுச் சொல்தான். பெயர் தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆனால் அவர் அரசியலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது. முதலில் நாடும் மக்களும், பிறகு கட்சி, கடைசியில்தான் நான் என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம்.

1948இல் தெற்குத் துருக்கியின் ஒஸ்மானியே நகரில் பிறந்தவர். பொருளியல் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, தலைநகர் அங்காராவின் காஸி பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பழைய கார்களைச் சேர்ப்பதில் கொள்ளை ஆசை. மேடையில் எழுதி வைத்ததை நிதானமாகப் படிப்பார். பார்க்க ஓய்வு பெற்ற பேராசிரியர் மாதிரிதான் இருப்பார். ஆனால் அவர் தலைமையேற்ற கட்சியின் கதை வேறு.

அந்தக் கட்சியை உருவாக்கியவர் அல்பர்ஸ்லான் துர்கேஷ் என்ற ராணுவ அதிகாரி. 1960இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது அதை வானொலியில் அறிவித்த குரல் அவருடையது. 1965இல் ஒரு சிறு கட்சியின் தலைமையைப் பிடித்து, 1969இல் அதற்குத் தேசியவாத இயக்கக் கட்சி என்று பெயர் மாற்றினார். சுருக்கமாக எம்.எச்.பி. சிவப்புக் கொடியில் மூன்று வெள்ளைப் பிறைகள். துருக்கிய இனப்பெருமை, அதோடு கொஞ்சம் இஸ்லாம், கம்யூனிச எதிர்ப்பு. இவைதான் கொள்கை.

அதன் இளைஞர் அமைப்பை உலகம் 'சாம்பல் ஓநாய்கள்' என்று அழைக்கிறது. 1970களில் துருக்கித் தெருக்களில் இடதுசாரிகளுக்கும் இவர்களுக்கும் நடந்த மோதல்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1978இல் மராஷ் நகரில் அலெவி சமூகத்தினர் 100க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது இந்த இயக்கத்தின்மீதுதான் விரல் நீண்டது. 1981இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலைச் சுட்ட மெஹ்மெத் அலி அஜா என்பவருக்கும் இந்த வட்டத்தில்தான் தொடர்பு.

நீங்கள் காற்பந்து ரசிகரா? அப்படியானால் அந்த ஓநாய்ச் சைகையைப் பார்த்திருப்பீர்கள். 2024 ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் ஆஸ்திரியாவுக்கு எதிராகக் கோல் போட்ட மெரிஹ் டெமிரால், விரல்களைக் குவித்துக் காட்டியது அதுதான். அதற்காக இரண்டு ஆட்டங்களில் விளையாட அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆஸ்திரியாவில் அந்தச் சைகையே சட்டவிரோதம். துருக்கியில் பலருக்கு அது நாட்டுப்பற்றின் அடையாளம் மட்டுமே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாற்காலிகள் பறந்த மாநாடு

1997 ஏப்ரலில் துர்கேஷ் காலமானார். அடுத்து யார்? எல்லாரும் அவருடைய மகன் துருல் துர்கேஷைத்தான் எதிர்பார்த்தார்கள். மே மாதம் கூடிய மாநாடு கைகலப்பில் முடிந்தது. ஜூலையில் மீண்டும் கூடி வாக்களித்தபோது வென்றவர் பாஹ்செலி. அன்று தொடங்கிய தலைமை இன்றுவரை தொடர்கிறது.

வந்ததும் அவர் செய்த முக்கியமான வேலை, கட்சி இளைஞர்களைத் தெருச்சண்டையிலிருந்து விலக்கியது. அவரைப் பிடிக்காதவர்கள்கூட ஒப்புக்கொள்ளும் விஷயம் இது. ஆனால் வன்முறையின் நிழல் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. 2022 டிசம்பரில், அந்த இளைஞர் அமைப்பின் முன்னாள் தலைவர் சினான் அத்தேஷ் அங்காராவில் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். பலர் தண்டிக்கப்பட்டார்கள். கொலைக்குப் பின்னால் இருந்த அரசியல் தொடர்புகள் விசாரிக்கப்படவே இல்லை என்பது அவர் மனைவியின் குற்றச்சாட்டு.

தலைமையேற்ற இரண்டே ஆண்டில் பாஹ்செலிக்கு அதிர்ஷ்டக் காற்று அடித்தது. 1999 பிப்ரவரியில் ஓஜலான் கென்யாவில் பிடிபட்டு, துருக்கிக்குக் கொண்டுவரப்பட்டார். நாடு முழுவதும் தேசியவாத அலை. ஏப்ரல் தேர்தலில் எம்.எச்.பி. கிட்டத்தட்ட 18 விழுக்காடு வாக்கும் 129 இடமும் பெற்று இரண்டாவதாக வந்தது. முந்திய தேர்தலில் ஓர் இடம்கூட இல்லாத கட்சி அது! இடதுசாரிப் பிரதமர் புலெந்த் எஜெவித்தின் கூட்டணி அரசாங்கத்தில் பாஹ்செலி துணைப் பிரதமர் ஆனார்.

இங்கேதான் கதையில் முள் இருக்கிறது. ஓஜலானுக்கு 1999 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. தூக்கிலிடுவோம் என்று வாக்குக் கேட்ட கட்சி இப்போது அரசாங்கத்தில். ஆனால் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் முடிவுக்காகக் காத்திருக்கலாம் என்று 2000 ஜனவரியில் கூட்டணித் தலைவர்கள் முடிவெடுத்தார்கள். பாஹ்செலியும் அந்த மேசையில் இருந்தார். 2002 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சமாதான காலத்தில் மரண தண்டனையை ஒழித்தது. எம்.எச்.பி. எதிர்த்து வாக்களித்தும் பயனில்லை. ஓஜலானின் தண்டனை ஆயுள் தண்டனையாக மாறியது.

எர்துவானுக்குக் கதவு திறந்தவர்

2001இல் துருக்கியின் பொருளியல் சரிந்தது. மறு ஆண்டு பிரதமர் எஜெவித் நோயில் படுத்தார். கூட்டணி ஆடியது. 2002 ஜூலையில் பாஹ்செலி யாரும் எதிர்பாராத விதமாக, நவம்பர் 3ஆம் தேதி தேர்தல் வைப்போம் என்றார். நடந்தது.

விளைவு? கூட்டணியின் மூன்று கட்சிகளும் காலி. துருக்கியில் அப்போது 10 விழுக்காடு வாக்கு பெறாத கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இடமே கிடையாது. எம்.எச்.பி.க்குக் கிடைத்தது 8.4 விழுக்காடு. ஓராண்டு மட்டுமே வயதான ஒரு புதிய கட்சி 34 விழுக்காடு வாக்கை வைத்துக்கொண்டு 550 இடங்களில் 363ஐ அள்ளியது. அதுதான் ரெசெப் தயிப் எர்துவானின் ஏ.கே. கட்சி. அன்றிலிருந்து அந்தக் கட்சிதான் ஆட்சியில்.

தலைமையை விட்டு விலகுவதாக பாஹ்செலி அன்றிரவே சொன்னார். மறு ஆண்டு மாநாட்டில் திரும்பவும் அவரே தலைவர்.

2007இல் இன்னொரு முறை. எர்துவானின் சகா அப்துல்லா குல்லை அதிபராக்க ஏ.கே. கட்சி விரும்பியது. குல்லின் மனைவி முக்காடு அணிபவர் என்பதே மதச்சார்பற்ற தரப்புக்குப் பெரிய பிரச்சினை. ராணுவம் எச்சரிக்கை விட்டது. வாக்கெடுப்பு செல்ல 367 உறுப்பினர்கள் அவையில் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய தேர்தல் நடந்தது. மீண்டும் நாடாளுமன்றத்துக்குள் வந்த எம்.எச்.பி. குல்லுக்கு வாக்களிக்கவில்லை. அவையில் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். அது போதும். குல் அதிபரானார்.

அந்தத் தேர்தல் பிரசாரத்தில்தான் கயிறு வந்தது. ஆட்சியில் இருந்தபோது ஏன் ஓஜலானைத் தூக்கிலிடவில்லை என்று எர்துவான் தரப்பு குத்திக் காட்டியது. கிழக்கு நகரான எர்சுருமில் பேசிய பாஹ்செலி, உங்களுக்குக் கயிறு கிடைக்கவில்லையென்றால் இதோ என்று கூட்டத்தை நோக்கிக் கயிற்றை வீசினார். அந்தக் காணொளி இன்றும் துருக்கியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பிரதமர் நாற்காலி வேண்டாம்!

2015 ஜூன் தேர்தலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏ.கே. கட்சி 13 ஆண்டில் முதன்முறையாகப் பெரும்பான்மையை இழந்தது. எம்.எச்.பி.க்கு 80 இடம். குர்து ஆதரவு எச்.டி.பி. கட்சிக்கும் அதே 80. எதிர்க்கட்சிகள் மூன்றும் சேர்ந்தால் எர்துவான் கட்சியை ஆட்சியிலிருந்து இறக்கிவிடலாம். அவர்களில் பெரிய கட்சியான சி.எச்.பி.யின் தலைவர் கெமால் கிலிச்தாரொலு, பிரதமர் பதவியையே பாஹ்செலிக்குத் தருவதாகப் பகிரங்கமாகச் சொன்னார்.

பாஹ்செலி மறுத்தார். எச்.டி.பி. வெளியிலிருந்து ஆதரவு தரும் அரசாங்கத்தில்கூட இருக்கமாட்டேன் என்றார். நாடாளுமன்ற நாயகர் தேர்தலின் கடைசிச் சுற்றில் அவர் கட்சி யார் பக்கமும் நிற்காததால், ஏ.கே. கட்சி வேட்பாளர் வென்றார். விமர்சகர்கள் அவருக்கு 'வேண்டாம்' ஐயா என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தக் கோடையில் பி.கே.கே.யுடனான சண்டை நிறுத்தமும் முறிந்து, குண்டுவெடிப்புகள் தொடங்கின. நவம்பர் மறுதேர்தலில் எர்துவான் கட்சி பெரும்பான்மையோடு திரும்பியது. எம்.எச்.பி.யின் இடங்கள் 80லிருந்து 40 ஆகப் பாதியாகின.

கட்சிக்குள் கலகம் வெடித்தது. முன்னாள் உள்துறை அமைச்சர் மெரால் அக்‌ஷெனெர் தலைமைக்குக் குறிவைத்தார். சிறப்பு மாநாடு கூட்ட அதிருப்தியாளர்கள் முயன்றார்கள். நீதிமன்றத் தீர்ப்புகள் மாறி மாறி வந்து, கடைசியில் பாஹ்செலி தப்பித்தார். அவர் தப்பித்ததில் அரசாங்கத்தின் கை இருந்தது என்று எதிராளிகள் இன்னமும் சொல்கிறார்கள். அக்‌ஷெனெர் வெளியேறி 2017இல் 'இயி' என்ற கட்சியைத் தொடங்கினார். துருக்கிய மொழியில் 'நல்லது' என்று பொருள்.

எதிரி எப்படி நண்பரானார்?

இதற்கு முன்பு எர்துவானை பாஹ்செலி திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஊழல், சர்வாதிகார ஆசை, பி.கே.கே.யுடன் பேச்சு நடத்தும் துரோகம் என்று ஒன்றும் மிச்சமில்லை. 2014 அதிபர் தேர்தலில் எர்துவானுக்கு எதிராக சி.எச்.பி.யுடன் சேர்ந்து பொது வேட்பாளரையே நிறுத்தினார்.

எல்லாவற்றையும் மாற்றியது 2016 ஜூலை 15 இரவு. ராணுவத்தின் ஒரு பிரிவு ஆட்சியைக் கவிழ்க்க முயன்றது. நாடாளுமன்றக் கட்டடத்தின்மீதே குண்டு விழுந்தது. அந்த இரவிலேயே பாஹ்செலி அரசாங்கத்தின் பக்கம் நின்றார். அவர் பார்வையில் ஆபத்தில் இருந்தது எர்துவான் அல்ல, அரசு. அவர் ஆதரவாளர்கள் சொல்லும் விளக்கம் இது. கட்சியைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழி இல்லாததால் எர்துவானிடம் அடைக்கலம் புகுந்தார் என்பது எதிர்த்தரப்பின் விளக்கம். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க எந்தத் தடையும் இல்லை.

2016 அக்டோபர் 11, மறுபடியும் ஒரு செவ்வாய்க்கிழமை. அதிபர் ஆட்சி முறையை மக்களிடமே விட்டுவிடலாம் என்றார். எர்துவான் பல ஆண்டாக ஏங்கிய மாற்றம் அது. நாடாளுமன்றத்தில் 330 வாக்கு தேவை, ஏ.கே. கட்சியிடம் மட்டும் அத்தனை இல்லை. எம்.எச்.பி. கைகொடுக்க 339 கிடைத்தது. 2017 ஏப்ரலில் பொது வாக்கெடுப்பு. ஆதரவு 51.4 விழுக்காடு. பிரதமர் பதவியே ஒழிந்தது.

அடுத்து 2018 ஏப்ரல் 17. அதுவும் செவ்வாய்தான். தேர்தலை முன்கூட்டியே வைக்கலாம் என்றார் பாஹ்செலி. மறுநாளே எர்துவான் தேதி அறிவித்தார்.

சிறிய கட்சிக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது? கணக்கு எளிது. பழைய முறையில் 34 விழுக்காடு வாக்கை வைத்தே ஆட்சி அமைக்கலாம். புதிய முறையில் அதிபராக 50 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். எர்துவான் 2018இல் வென்றது 52.6 விழுக்காட்டில், 2023இல் இரண்டாம் சுற்றில் 52.2 விழுக்காட்டில். பாஹ்செலி கட்சியின் வாக்கு அந்தத் தேர்தல்களில் 11, 10 என்ற அளவில். அந்தப் பத்தைக் கழித்துப் பாருங்கள், எர்துவான் எங்கே நிற்பார் என்று தெரியும். எர்துவானை எல்லா அதிகாரமும் உள்ள அதிபராக்கிய அதே மாற்றம், அவரை பாஹ்செலியிடம் கட்டியும் போட்டுவிட்டது. அரசாங்கத்தில் அமைச்சர் பதவி எதுவும் வாங்காமலே அந்தக் கயிற்றின் மறுமுனையை பாஹ்செலி பிடித்திருக்கிறார்.

அப்புறம் ஏன் இந்தத் திருப்பம்?

2021இல் எச்.டி.பி.யை இழுத்து மூட வேண்டும் என்று உரக்கக் குரல் கொடுத்தவர் பாஹ்செலி. அதே ஆண்டு அந்தக் கட்சிக்கு எதிராக வழக்கும் தொடரப்பட்டது. 2024 அக்டோபர் 1, நாடாளுமன்றம் திறந்த நாளில், எச்.டி.பி.யின் இடத்துக்கு வந்த டெம் கட்சியினரிடம் அவரே நடந்து சென்று கைகுலுக்கினார். மூன்று வாரம் கழித்து ஓஜலான் அழைப்பு. மறுநாளே அங்காரா அருகே உள்ள விண்வெளி, தற்காப்பு நிறுவனத்தில் தாக்குதல், ஐவர் பலி. பி.கே.கே. பொறுப்பேற்றது. எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். பாஹ்செலி பின்வாங்கவில்லை.

அவர் சொல்லும் காரணம் வட்டாரப் பாதுகாப்பு. காஸாவிலும் லெபனானிலும் போர் நடக்கிறது, உள்நாட்டில் ஒற்றுமை தேவை என்கிறார். டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி கவிழ்ந்ததும் குர்துப் பிரச்சினை இன்னும் அவசரமானது.

இன்னொரு காரணத்தை எல்லாரும் பேசுகிறார்கள். இப்போதைய சட்டப்படி, முன்கூட்டித் தேர்தல் வராவிட்டால் எர்துவான் 2028இல் மீண்டும் போட்டியிட முடியாது. தேர்தலை முன்கூட்டி வைக்கவோ, அரசியலமைப்பு மாற்றத்தைப் பொது வாக்கெடுப்புக்கு அனுப்பவோ 600 உறுப்பினர்களில் 360 பேரின் ஆதரவு வேண்டும். 2023இல் ஏ.கே. கட்சியும் எம்.எச்.பி.யும் சேர்ந்து பெற்றது 318 இடம். மிச்சம் எங்கே இருக்கிறது? டெம் கட்சியிடம். எர்துவான் மறுபடி நிற்க வழி செய்ய வேண்டும் என்று 2024 நவம்பரில் பாஹ்செலி வெளிப்படையாகவே சொன்னார்.

2025 பிப்ரவரி 27 அன்று, ஆயுதங்களைக் கீழே போட்டு அமைப்பைக் கலைக்கும்படி ஓஜலான் அறிக்கை விட்டார். அதே மாதம்தான் பாஹ்செலிக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மே மாதம் பி.கே.கே. கலைப்பை அறிவித்தது. ஜூலையில் வட ஈராக்கில் 30 போராளிகள் தங்கள் துப்பாக்கிகளை ஒரு பெரிய கொப்பரையில் போட்டு எரித்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழு அமைந்தது. நவம்பர் 18, யாரும் போகாவிட்டால் நானே இம்ராலிக்குப் போகிறேன் என்றார் பாஹ்செலி. என்ன கிழமை என்று இந்நேரம் யூகித்திருப்பீர்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று கட்சிகளின் பிரதிநிதிகள் தீவுக்குச் சென்று ஓஜலானைச் சந்தித்தனர். சி.எச்.பி. ஆள் அனுப்பவில்லை.

சந்தேகப்படுபவர்களுக்கும் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் சமாதானப் பேச்சு. இன்னொரு பக்கம், எர்துவானுக்குப் பெரிய சவாலாகக் கருதப்பட்ட இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமொலு 2025 மார்ச் முதல் சிறையில். குர்துகளுக்குக் கிடைக்கும் உரிமை என்ன, தாய்மொழிக் கல்வி உண்டா, ஆயுதம் போட்டவர்கள் ஊர் திரும்பலாமா, ஓஜலானுக்கு விடுதலையா? இவற்றுக்குச் சட்டம்தான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளைச் சண்டையில் இழந்த ராணுவக் குடும்பங்களும், மகன்கள் மலைக்குப் போய்த் திரும்பாத குர்துக் குடும்பங்களும் அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாஹ்செலிக்கு அடுத்து எம்.எச்.பி.யை யார் வழிநடத்துவார் என்பதற்கும் தெளிவான பதில் இல்லை. அதிகாரபூர்வ வாரிசு என்று யாரையும் அவர் காட்டவில்லை. 2024 மார்ச் மாநாட்டில் அவரை எதிர்த்து யாரும் நிற்கவும் இல்லை.

துருக்கிச் செய்திகளைத் தொடர்ந்து பார்ப்பவரா நீங்கள்? அதிபர் மாளிகை அறிவிப்புகளோடு சேர்த்து, எம்.எச்.பி.யின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தையும் ஒரு கண் பாருங்கள்.